வீட்டுக்கு ஒரே இசை நூலகம்: நாஸ் பெட்டியில் அமைப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நான்கு பேர் இருந்தால் பாட்டுகளும் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். மடிக்கணினியில் பாதி, பழைய ஹார்ட் டிஸ்க்கில் மீதி, அலமாரியில் சிடிகள், யாரோ ஒருவரின் கைப்பேசியில் விலை கொடுத்து வாங்கிய சில ஆல்பங்கள். இவை அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து, எந்த அறையிலிருந்தும் யாரும் கேட்கும்படி செய்ய விரும்புபவர்களுக்காக இந்தக் கேள்வி-பதில்கள். பெட்டியை வாங்கி இணைப்பது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். கோப்புகளை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. அதனால் அதற்கே இங்கு அதிக இடம்.

நாஸ் என்பது என்ன? ஹார்ட் டிஸ்க்கை ரூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகினால் போதாதா?

நாஸ் என்பது வீட்டு வலையமைப்பில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு சேமிப்புக் கணினி. சினாலஜி, கியூநேப் போன்ற நிறுவனங்கள் இதைத் தயார்நிலையில் விற்கின்றன. பழைய கணினி ஒன்றில் ட்ரூநாஸ் அல்லது ஓபன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளை நிறுவியும் நீங்களே செய்துகொள்ளலாம். 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 முதல் அந்தச் சிறு பலகையிலும் யுஎஸ்பி 3 துளைகளும் முழு வேக ஈதர்நெட்டும் உண்டு. இசைக்கு அதுவே தாராளம்.

ரூட்டரில் செருகினாலும் பாட்டு பாடும். ஆனால் பழைய ரூட்டர்கள் பல, வலையமைப்பில் கோப்புகளைப் பகிரப் பயன்படும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டுமே பேசுகின்றன. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வானாக்ரை தாக்குதல் புகுந்தது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டிலிருந்து விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதையும் நிறுத்திவிட்டது. அதை மறுபடி இயக்கச் சொல்லும் எந்த அறிவுரையையும் ஏற்காதீர்கள். தவிர, பாட்டுகளை மற்றக் கருவிகளுக்கு வழங்கும் சர்வர் மென்பொருளை ரூட்டரில் நிறுவவும் பெரும்பாலும் வழியிருக்காது.

எவ்வளவு இடம் வேண்டும்? வைஃபை தாங்குமா?

சிடியில் உள்ள ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட். அதைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் பெரும்பாலும் 50 முதல் 60 சதவீதம் வரை வரும். ஓர் ஆல்பத்துக்கு 300 முதல் 400 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு டெராபைட்டில் 2,500 ஆல்பங்களுக்கு மேல் அடங்கும். ஆகவே இசைக்கு மட்டும் என்றால் பெரிய டிஸ்க் தேவையில்லை. அந்தப் பணத்தில் காப்பு நகலுக்கு இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சுருக்காத சிடி ஒலிக்கே நொடிக்கு 1.4 மெகாபிட்தான். ஐந்து அறைகளில் ஐந்து பாட்டுகள் ஓடினாலும் சாதாரண வைஃபை தாங்கும். நாஸ் பெட்டியை மட்டும் கம்பி வழியாக ரூட்டரோடு இணையுங்கள். பாட்டு கேட்கும் அறையில் வைக்காதீர்கள். டிஸ்க் சுழலும் ஓசை மெல்லிய இசையில் நன்றாகவே கேட்கும்.

ஃபிளாக்கா, எம்பி3யா?

சிடியிலிருந்து எடுப்பதானால் ஃபிளாக். சந்தேகமே வேண்டாம். 2001இல் வெளியான இந்த வடிவம் யாருக்கும் உரிமைக் கட்டணம் செலுத்தாமல் பயன்படுத்தக்கூடியது. இதிலிருந்து எந்த வடிவத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நான் இதை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு ஃபிளாக் கோப்பிலும் மூல ஒலியின் சரிபார்ப்பு எண் பதியப்படுகிறது. ஐந்து வருடம் கழித்து டிஸ்க்கில் ஏதோ ஒரு பிட் புரண்டிருந்தால், கோப்பைச் சோதிக்கும் கட்டளை ஒன்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எம்பி3யில் அப்படி ஒரு முழுமையான உறுதி இல்லை.

ஏற்கெனவே எம்பி3யாக இருப்பவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றை ஃபிளாக்காக மாற்றினால் அளவு பெருகுமே தவிர, இழந்த ஒலி திரும்பாது. ஆப்பிள் கருவிகள் மட்டுமே உள்ள வீட்டில், தரம் குறையாமல் சுருக்கும் ஆப்பிளின் ஏஎல்ஏசி வடிவமும் நல்ல தேர்வுதான். 2011 முதல் அதுவும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது.

சிடிகளை எடுக்கும்போது விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். மூன்றுமே அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, அதே சிடியை எடுத்த மற்றவர்களுக்கு வந்த ஒலிதானா உங்களுக்கும் வந்திருக்கிறது என்று சொல்லிவிடும். கீறல் விழுந்த சிடிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

கோப்புறைகளை எப்படி அமைப்பது?

எளிய அமைப்பே நீடிக்கிறது:

இசை / ஆல்பம் கலைஞர் / 1998 - ஆல்பத்தின் பெயர் / 1-03 பாடலின் பெயர்

முதல் எண் எத்தனையாவது சிடி, அடுத்தது எத்தனையாவது பாட்டு. பாட்டு எண்ணை இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள். இல்லையென்றால் சில கருவிகளில் 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும். பலர் சேர்ந்து பாடிய தொகுப்புகளுக்கு ‘பல கலைஞர்கள்’ என்று ஒரு கோப்புறை போதும்.

‘துள்ளல்’, ‘சோகம்’, ‘இரவு’ என்று மனநிலைக்கொரு கோப்புறை வைக்கும் ஆசை பலருக்கு வரும். வேண்டாம். ஒரு பாட்டு ஒரு கோப்புறையில்தான் இருக்க முடியும், மனநிலைகளோ ஒன்றின்மேல் ஒன்று படரும். அந்த வேலையைப் பாடல் பட்டியலிடம் விட்டுவிடுங்கள்.

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றைக் கோப்புப் பெயரில் தவிருங்கள். லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டி இவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்ளும். ஆனால் விண்டோஸ் கணினியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோப்பு புரியாத பெயரோடு தெரியும், அல்லது திறக்கவே திறக்காது. பெயரின் கடைசியில் வரும் புள்ளிக்கும் இதே கதிதான்.

பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரே சொல் மூன்று விதமாக எழுதப்பட்டு, தேடும்போது ஒன்று அகப்படும், இரண்டு அகப்படாது. ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதலாவது நீளம். லினக்ஸ் பெட்டிகளில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அதோடு, நாம் ஓர் எழுத்தாகப் படிப்பது கணினிக்கு இரண்டு குறியீடாக இருக்கலாம். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஆக 15 பைட். இந்தக் கணக்கில் சுமார் ஐம்பது எழுத்துகளில் பெயர் முட்டிக்கொள்ளும். சினாலஜி பெட்டிகளில் கோப்புறையை மறையாக்கம் செய்தால் வரம்பு 143 ஆகக் குறைந்து, முப்பது எழுத்துகூடத் தேறாது. பாடலின் முதல் அடி முழுவதையும் கோப்புப் பெயராக வைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கோப்புப் பெயரைச் சுருக்கமாக வைத்து, முழு அடியை, பாடல் விவரங்களைத் தாங்கிக் கோப்புக்குள் இருக்கும் டேக்கில் எழுதுங்கள். அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டாவது நுட்பமானது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஒகர உயிர்க்குறி ஒன்றும் சேர்ந்தது ஒரு வழி. ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது, கணினிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். கோ, கௌ வரிசைகளுக்கும் இதுவே பொருந்தும். 2017இல் புதிய கோப்பு முறைமை வரும்வரை மேக் கணினிகளின் டிஸ்க்குகள் பிரித்த வடிவத்தையே வைத்திருந்தன. அப்படிப்பட்ட பழைய டிஸ்க்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நாஸுக்கு நகலெடுத்தால், ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றில் பாதிப் பாட்டு, மற்றொன்றில் மீதி. நாஸில் கன்வ்எம்வி என்ற சிறு கருவியைக் கொண்டு எல்லாப் பெயர்களையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றுங்கள். இரண்டு வடிவமும் ஏற்கெனவே அருகருகே இருந்தால், முதலில் பாட்டுகளை ஒரே கோப்புறைக்கு நகர்த்திவிட்டு அதன்பின் மாற்றுங்கள்.

ஒரே ஆல்பம் பதினான்கு துண்டுகளாகத் தெரிகிறது. ஏன்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலான இசை சர்வர்கள் கோப்புறையைப் பார்ப்பதில்லை, டேக்கையே பார்க்கின்றன. பதினான்கு பாட்டுகளைப் பதினான்கு பேர் பாடியிருந்து, ‘கலைஞர்’ என்ற புலத்தில் அவரவர் பெயர் மட்டும் இருந்தால், சர்வர் அதைப் பதினான்கு ஆல்பங்களாகவே எண்ணும். மருந்து ‘ஆல்பம் கலைஞர்’ என்ற தனிப் புலம். ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளிலும் அது ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இசையமைப்பாளர் பெயரோ ‘பல கலைஞர்கள்’ என்பதோ, எதை எழுதினாலும் சரி. பாடியவர் பெயர் ‘கலைஞர்’ புலத்திலேயே இருக்கட்டும். ‘இசையமைப்பாளர்’ என்று தனிப் புலமும் உண்டு. அதை நிரப்பி வைத்தால், பாடகரை வைத்தும் தேடலாம், இசையமைத்தவரை வைத்தும் தேடலாம்.

பெயர் எழுதும் முறையை வீட்டில் ஒருமுறை பேசி முடிவு செய்யுங்கள். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பதுவரை. புள்ளி வைத்தவர் ஒருவராகவும் வைக்காதவர் வேறொருவராகவும் சர்வரில் தெரிவதைப் பார்த்தால் இது எவ்வளவு அவசியம் என்று புரியும்.

டேக்குகளை மொத்தமாகத் திருத்த எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் ஆகிய இரண்டும் போதும். கட்டளை வரியில் பழகியவர்களுக்கு பீட்ஸ் என்ற கருவி பிடிக்கும். பிகார்ட் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். மறுபதிப்பின் ஆண்டை மூலப் பதிப்பின் ஆண்டாகப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும்.

பழைய எம்பி3களில் விவரங்கள் கிறுக்கலாகத் தெரிகின்றனவே?

அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியீட்டில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். எம்பி3 கோப்புகளில் வரும் ஐடி3 டேக்கின் முதல் பதிப்பில் ஒரு புலத்துக்கு 30 பைட்தான் இடம், எந்தக் குறியீடு என்று சொல்லவும் வழியில்லை. கிறுக்கலை மொழிபெயர்க்க முயல்வதைவிட, பிகார்டின் ஒலிரேகை வசதியால் பாட்டை அடையாளம் காணச் செய்து புதிதாக எழுதுவது எளிது. அதில் சிக்காதவற்றைக் கையால்தான் எழுத வேண்டும்.

எந்த சர்வர் மென்பொருள் நல்லது?

முதலில் ஒன்று. கோப்புகளை எஸ்எம்பி வழியாகப் பகிர்ந்தாலே கணினியில் கேட்கலாம், தனி சர்வர் கட்டாயமில்லை. கைப்பேசியிலும் கேட்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனி விருப்பப் பட்டியல் வேண்டும் என்றால் நேவிட்ரோம் என் முதல் பரிந்துரை. எடை குறைவு, ராஸ்பெரி பையிலும் ஓடும், சப்சோனிக் என்ற பழைய இசை சர்வரின் இடைமுகத்தைப் பேசுவதால் அதற்கென எழுதப்பட்ட ஏராளமான கைப்பேசிச் செயலிகளும் பொருந்தும். படங்களையும் சேர்த்து வைக்க விரும்பும் வீட்டுக்கு ஜெல்லிஃபின். பல அறைகளில் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டுமானால் லிரியன் மியூசிக் சர்வர். முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்று அறியப்பட்ட பழம்பெரும் மென்பொருள் இது, இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது. பிளெக்ஸும் அதன் பிளெக்ஸாம்ப் செயலியும் பார்க்க அழகு, ஆனால் அவர்களுடைய இணையக் கணக்கோடு பிணைந்தது. சொந்த இசைக்கு வெளியார் கணக்கு எதற்கு என்று நான் நினைக்கிறேன்.

எதைத் தேர்ந்தாலும் மதிப்பெண், பாடல் வரி, அட்டைப்படம் ஆகியவற்றைக் கூடியவரை கோப்புகளிலேயே எழுதி வையுங்கள். சர்வரின் தரவுத்தளத்தில் மட்டும் இருப்பது, சர்வரை மாற்றும் நாளில் கைவிட்டுப் போகும்.

ஸ்பீக்கரில் நாஸ் பெயரே தெரியவில்லை. கணினியிலோ தெரிகிறது.

வீட்டு வலையமைப்பில் பாட்டையும் படத்தையும் பகிரும் டிஎல்என்ஏ முறையில், கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது பன்முக ஒலிபரப்பு முறையில், 239.255.255.250 என்ற முகவரிக்கு அவை குரல் கொடுக்கும். அந்தக் குரல் ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குச் சாதாரணமாகத் தாண்டாது. ஸ்பீக்கர் விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ரூட்டரில் கருவிகளைத் தனிமைப்படுத்தும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். நாஸுக்கு ரூட்டரில் நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுவதும் நல்லது. மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறி எல்லாச் செயலிகளும் தவிப்பது அதோடு நிற்கும்.

யாருக்கு என்ன அனுமதி கொடுப்பது?

எல்லோரும் படிக்கலாம், ஒருவர் மட்டும் எழுதலாம். இதில் நான் கறாராக இருப்பேன். ஸ்பீக்கர், தொலைக்காட்சி, கைப்பேசி, குழந்தைகளின் கணினி எல்லாவற்றுக்கும் படிக்க மட்டும் உரிமையுள்ள பொதுக் கணக்கு ஒன்று போதும். மற்றவர்கள் புதிய பாட்டுகளைப் போடுவதற்கு ‘வரவு’ என்று ஒரு தனிக் கோப்புறை வையுங்கள். பொறுப்பாளர் அதைப் பார்த்து, டேக்கைச் சரிசெய்து, நூலகத்துக்குள் நகர்த்துவார். இது அதிகாரம் செலுத்துவதற்காக அல்ல. எழுதும் உரிமையுள்ள ஒரு கணினியில் கோப்புகளை மறையாக்கிப் பணம் பறிக்கும் நச்சுநிரல் புகுந்தால், அது நாஸில் உள்ளவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும்.

ஐடியூன்ஸ் அல்லது மேக்கின் மியூசிக் செயலியின் நூலகத்தை நாஸில் வைத்து இருவர் திறக்கலாமா?

கூடாது. பாட்டுக் கோப்புகள் நாஸில் இருக்கலாம். நூலகத் தரவுத்தளம் அவரவர் கணினியில்தான் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் திறப்பதற்காக அது உருவாக்கப்பட்டது. நேவிட்ரோம் போன்றவற்றின் எஸ்கியூலைட் தரவுத்தளத்தையும் இதே காரணத்துக்காக சர்வர் ஓடும் இயந்திரத்தின் சொந்த டிஸ்க்கில் வையுங்கள். வலையமைப்புக் கோப்புறையில் அதன் பூட்டும் முறை நம்பகமாக வேலை செய்வதில்லை.

புதிதாகப் போட்ட ஆல்பம் சர்வரில் வரவில்லை.

சர்வர் ஓர் இயந்திரத்திலும் கோப்புகள் வேறோர் இயந்திரத்திலும் இருந்தால், மாற்றம் நடந்த செய்தி சர்வருக்குப் போய்ச் சேராது. இத்தனை மணிக்கொரு முறை தேடு என்று கால அட்டவணை அமையுங்கள்.

முதல் பாட்டு தொடங்க நேரமாகிறது. பாட்டுகளுக்கு நடுவே ஒரு கணம் அமைதி விழுகிறது.

முதலாவது, தூங்கிய டிஸ்க் எழுந்து சுழலும் நேரம். தூங்குவதற்கான காத்திருப்பை நீட்டுங்கள், அல்லது எஸ்எஸ்டி பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, இடைவெளியில்லாமல் ஒலிக்கும் வசதி இல்லாமை. கச்சேரிப் பதிவுகளில் கைதட்டல் நடுவில் வெட்டுப்படுவது இதனால்தான். எம்பி3 குறியாக்கம் பாட்டின் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்க்கும். ஃபிளாக்கில் அந்த மௌனம் கிடையாது. ஆனாலும் பாடும் கருவி அடுத்த பாட்டை முன்கூட்டியே எடுத்து வைக்காவிட்டால் பயனில்லை. கருவி வாங்குமுன் தொடர்ச்சியான பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஒரு பாட்டு உரக்கவும் அடுத்தது மெதுவாகவும் ஒலிப்பதற்கு ரீப்ளேகெயின் உண்டு. ஒலியைத் தொடாமல், எவ்வளவு கூட்ட அல்லது குறைக்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் டேக்கில் எழுதும். ஆல்பத்தை வரிசையாகக் கேட்பவர்கள், ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவான ஆல்பம் மதிப்பையே தேர்வு செய்யுங்கள். இல்லையென்றால் மெல்லிய பாட்டும் உரத்த பாட்டும் ஒரே மட்டத்துக்கு வந்து, ஆல்பத்தின் ஏற்ற இறக்கமே போய்விடும்.

ரெய்டு அமைத்திருக்கிறேன். காப்பு நகல் வேண்டுமா?

வேண்டும். ரெய்டு என்பது டிஸ்க் ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளை இணைக்கும் முறை. அது காப்பது டிஸ்க் பழுதிலிருந்து மட்டுமே. தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அதே கணத்தில் அது அழியும். தவறான டேக் திருத்தம் ஆயிரம் பாட்டுகளில் விழுந்தாலும் அப்படித்தான். இதற்குத்தான் பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளில், அந்தக் கணத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருக்கிறது. டேக்கை மொத்தமாகத் திருத்துமுன் ஒன்று எடுத்து வையுங்கள், ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள் இருப்பதுதான். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழகிய விதி. இசையில் ஒரு வசதி உண்டு: சேர்த்தவை பிறகு அதிகம் மாறுவதில்லை. எனவே யுஎஸ்பி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து உறவினர் வீட்டில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினாலே போதுமானது. நகலெடுத்ததும் அதிலிருந்து நாலைந்து ஆல்பங்களைத் திறந்து கேளுங்கள். சர்வரின் தரவுத்தளத்தையும் நகலில் சேர்க்க மறக்காதீர்கள். விருப்பப் பட்டியலும் எதை எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கும் அதில்தான் இருக்கின்றன.

வெளியூரிலிருந்து கேட்க முடியுமா?

முடியும். ஆனால் நாஸின் மேலாண்மைப் பக்கத்தை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள். 2021இல் கியூலாக்கர், 2022இல் டெட்போல்ட் ஆகிய நச்சுநிரல்கள் இணையத்துக்குத் திறந்திருந்த நாஸ் பெட்டிகளைத் தேடிப் பூட்டின. வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் என்ற பாதுகாப்பான தனியிணைப்பு வழியாக உங்கள் கருவிகள் மட்டும் உள்ளே வரும்படி செய்யுங்கள். கைப்பேசித் தரவு வீணாகாமல் இருக்க, போகிற போக்கில் அளவு குறைந்த ஓபஸ் வடிவுக்கு மாற்றி அனுப்பும்படி சர்வரிடம் சொல்லலாம். நாஸில் உள்ள ஃபிளாக் அப்படியே இருக்கும்.

ஸ்ட்ரீமிங் சேவையில் பதிவிறக்கிய பாட்டுகளைச் சேர்க்கலாமா?

முடியாது. அவை பூட்டிய கோப்புகள். சந்தா நின்றால் ஒலிக்காது. விலைக்கு வாங்கியவை வேறு. ஐடியூன்ஸ் கடையில் 2009 முதல் பூட்டு எடுக்கப்பட்டுவிட்டது. பேண்ட்கேம்ப்பில் ஃபிளாக்காகவே இறக்கிக்கொள்ளலாம்.

பாடல் பட்டியல்கள் இடம் மாற்றியதும் உடைந்துவிட்டன.

பட்டியலுக்குள் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும். பட்டியல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் சார்பு முகவரியாக மாற்றுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் எம்3யு8 என்ற யுடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். பழைய எம்3யு வடிவில் எழுத்துகள் சிதையும்.

பல ஆண்டுகளாகச் சேர்ந்த குவியல் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் குவியல் முழுவதையும் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு வீட்டில் அடிக்கடி கேட்கும் இருபது ஆல்பங்களை மட்டும் எடுத்து, பெயர், டேக், அட்டைப்படம் எல்லாம் சரிசெய்து, சர்வரில் ஏற்றி, எல்லோருடைய கைப்பேசியிலும் கேட்க வையுங்கள். அந்த இருபதில் உங்கள் முறையில் உள்ள குறைகள் எல்லாம் வெளிப்பட்டுவிடும். பெயரிடும் விதியை அங்கேயே திருத்தி, ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மீதியை ‘வரவு’ கோப்புறையில் கொட்டுங்கள். கேட்கத் தோன்றும்போது ஒவ்வொன்றாகச் சரிசெய்து நகர்த்தலாம்.